பொருந்திக்க, அனிதா

காரைக்குடி, செக்காலை
22 ஜூலை 2024

அனிதா,

போனில் என்னை பிளாக் பண்ணிவிட்டாய். உன் படம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சாம்பல் வட்டம்தான் இருக்கிறது. அக்கா ரிஸ்வானா லாத்தாவின் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். ஆனால் தபால்காரரை உன்னால் பிளாக் பண்ண முடியாது. அதனால்தான் இந்தக் காகிதம். போலந்துக்கு என்று சொன்னதும் போஸ்ட் ஆபீசில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் காலத்துல அங்குட்டெல்லாம் யாரும்மா லெட்டர் போடுறாக?" என்றார். "சண்டை போட்டவுக போடுவாக சார்" என்றேன். சிரித்துக்கொண்டே ஸ்டாம்பை ஒட்டினார்.

நான் கிளம்பிய அன்று வார்சா ஏர்போர்ட் வரைக்கும் கூட வருவதாகச் சொல்லியிருந்தாய். உனக்கும் சேர்த்துத்தான் பஸ் டிக்கெட் போட்டிருந்தேன், ஜன்னல் சீட் உனக்கு. லூப்ளின் பஸ் நிலையத்தில் டிரைவர் என் பெட்டிகளை உள்ளே ஏற்றிவிட்டு, ஏறு ஏறு என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் ஹாஸ்டல் பக்கத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வரவில்லை. உன் சீட்டில் என் கைப்பையை வைத்துக்கொண்டு வார்சா போய்ச் சேர்ந்தேன்.

அதற்கு முதல் நாள் சாயங்காலம் நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பொதுச் சமையலறையில் எல்லாரிடமும் போய் வரிசையாகப் பொருத்தம் கேட்டேன். "இந்த ரெண்டு வருசத்துல தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் பண்ணியிருந்தா மன்னிச்சுப் பொருந்திக்க." ஹரீஷ் சிரித்தான். ஒக்ஸானாவுக்கு இங்கிலீஷில் சொன்னேன், அவள் கட்டிப்பிடித்து அழுதாள். நீ மட்டும்தான் "எதுக்கு?" என்று கேட்டாய். "தெரியாதுடி, ஏதாச்சும்" என்றேன். "பேரைச் சொல்லு, மன்னிக்கிறேன்" என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் இருந்த கரண்டியைத் தொட்டியில் வீசிவிட்டுப் போய்விட்டாய்.

இங்கே வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அங்கே குளிரா, சோறு கிடைக்குமா என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. நீயும் நானும் பால்கனியில் நின்று முதல் பனியைக் கையில் பிடித்ததை யாரிடம் சொல்ல? அம்மாவிடம் சொன்னேன். "ஃப்ரிட்ஜுல மேல இருக்குமே, அதானே?" என்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

என்ன கோபம் என்று மட்டும் எழுது.

பெனாசிர்


லூப்ளின்
11 ஆகஸ்ட் 2024

பெனாசிருக்கு,

கடிதம் கிடைத்தது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். உறையின் மேல் 'காரைக்குடி' என்று தமிழிலும் எழுதியிருந்தாய், அதைப் பார்த்ததும் கை வரவில்லை. அதனால் படித்தேன். படித்ததற்காகப் பதில் எழுதுகிறேன், வேறு எதற்காகவும் இல்லை.

என்ன கோபம் என்று கேட்கிறாய். ஏப்ரலில் எனக்குக் காய்ச்சல் என்று பேராசிரியரிடம் பொய் சொல்லிவிட்டு, ஆய்வகத்தில் என் சோதனை மாதிரிகளைப் பார்க்க ஆள் இல்லாமல் விட்டுவிட்டு, கெபாப் கடையில் வேலைக்குப் போனேன். அது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். நீதான் அவள். மே மாதம் பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "காய்ச்சலோடு கடையில் நிற்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் சோதனைகளை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நீங்கள் எல்லாரும் ஜூனில் முடித்தீர்கள். எனக்கு டிசம்பர்.

அவருக்கு யார் சொன்னது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. உன்னை நினைக்கவும் இல்லை, அது சத்தியம். அப்புறம் நீயாக வந்து மன்னித்துவிடு என்றாய்.

நான் சாக்கோட்டையில் மாதா கோவிலும் ஞாயிறு பூசையுமாக வளர்ந்தவள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் முன்னால் முழங்கால் போட்டால் பாவத்தைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். 'ஏதாச்சும் பண்ணியிருப்பேன் சாமி' என்று மொத்தமாகச் சொன்னால் சாமியார் எழுந்து போகச் சொல்வார். ஒருத்தி வந்து மன்னிப்புக் கேட்டால் அவள் மனதில் ஏதோ ஒன்று உறுத்துகிறது என்றுதான் எனக்குப் புரியும். என்னது என்று கேட்டேன். நீ வாயைத் திறக்கவில்லை. உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

பஸ் நிலையத்துக்கு நான் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அன்று காலை உடுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அது உனக்குத் தெரிய வேண்டியதில்லை.

மரிய அனிதா


செக்காலை
2 செப்டம்பர் 2024

ஃபாதர் அனிதா அவர்களுக்கு,

முழங்கால் போட்டு எழுதுகிறேன். பெயர் சொல்லித்தானே சொல்ல வேண்டும்? உன் அம்மா அனுப்பிய மாவடு பாட்டிலைப் பாதி தின்றது நான், ஹரீஷ் இல்லை. உன் நீலக் கம்பளித் தொப்பி என் பெட்டியில்தான் வந்திருக்கிறது, தெரிந்தே எடுத்து வந்தேன். நீ பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத அன்று கேட்டும் கேட்காத மாதிரி படுத்திருந்தேன். போதுமா?

விளையாட்டு போதும். உன் கடிதத்தை மாடியில் தனியாக உட்கார்ந்து படித்தேன். இரண்டு வருஷம் ஒரே சட்டியில் சோறு தின்றவளைப் பற்றி நீ நினைத்தது இதுதானா?

பொருத்தம் கேட்பது எங்களுக்கு எப்படி என்று உனக்குச் சொல்லாமல் விட்டது என் தப்புதான், அது உனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அத்தா ஹஜ்ஜுக்குப் போகும்போது செக்காலை ரோட்டில் எங்கள் பாத்திரக் கடையில் ஆரம்பித்து ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். வாய்க்கால் தகராறில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அழகுசுந்தரம் செட்டியார் கடைக்கும் போனார். "ஏதும் கொறை வச்சிருந்தா மன்னிச்சுப் பொருந்திக்கங்க" என்றார். செட்டியார் எழுந்து நின்று, "நீங்களும் பொருந்திக்கங்க பாய், நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றார். யாரும் கணக்குக் கேட்கவில்லை. தூரம் போகிறவர்கள் திரும்பி வருவோமோ மாட்டோமோ, மனசில் பாரம் இல்லாமல் போக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். எங்கள் வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்வதே இப்படித்தான்.

நான் வெளுத்துப் போனது உண்மை. நீ கேட்ட விதத்தில் வெளுத்தேன். வேறு யாரும் அப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

பேராசிரியரிடம் நான் சொன்னேனா இல்லையா என்று எழுத மாட்டேன். எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் நான் இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் உன்னிடம் நல்லவள் ஆக வேண்டும் என்றால் அப்படி ஒரு நட்பு எனக்கு வேண்டாம்.

இன்னொரு செய்தி. எனக்கு நிக்காஹ் முடிவாகியிருக்கிறது, நவம்பர் 24. மாப்பிள்ளை கலீல் ரகுமான், ஷார்ஜாவில் வேலை. நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார். நான் போலந்து பற்றிச் சொல்லும்போது கொட்டாவி விடவில்லை. விசா வந்ததும் டிசம்பரில் கிளம்ப வேண்டும். அதற்குள் நீ வந்துவிடுவாயா?

பெனாசிர்


லூப்ளின்
6 அக்டோபர் 2024

பெனாசிர்,

வாழ்த்துகள். மனதாரத்தான் எழுதுகிறேன். அவர் கொட்டாவி விடவில்லை என்பது பெரிய விஷயம், நானே சில நாள் விட்டிருக்கிறேன்.

நேற்று ஹரீஷ் போய்விட்டான். ஒக்ஸானா போன மாதமே போய்விட்டாள். போகிறவர்கள் எல்லாரும் பெட்டியில் கொள்ளாததை என் அறையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஹரீஷின் ரைஸ் குக்கர், ஒக்ஸானாவின் செடித்தொட்டி, யாருடையது என்றே தெரியாத மூன்று குடைகள். கதவைத் திறந்தால் ஆள் நடமாட்டம் இருக்கிற வீடு மாதிரி இருக்கிறது. உள்ளே நான் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் பஸ் நிலையத்துக்குப் போய்க் கையாட்டிவிட்டு வருகிறேன். எல்லாரும் "நீயும் சீக்கிரம் வந்துடு" என்கிறார்கள். எங்கே வர? அவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊருக்குப் போகிறார்கள்.

நம் தளத்தில் புதுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். நாம் உட்காருகிற ஜன்னல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்துவிடுகிறேன். வேடிக்கை என்ன தெரியுமா? செக்காலைக்கும் சாக்கோட்டைக்கும் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். நாம் அங்கே ஒரு நாளும் பார்த்துக்கொண்டதில்லை. இங்கே வந்துதான் பழகினோம். இப்போது நீ அங்கே, நான் இங்கே.

உன் அம்மா அரைத்துக் கொடுத்த மிளகாய்த்தூள் அடியில் கொஞ்சம் இருக்கிறது. கோபத்தோடு அதையும் போட்டுத்தான் சமைக்கிறேன்.

உங்கள் அத்தா விஷயம் படித்தேன். பொருத்தம் கேட்பது வழக்கம் என்று புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வழக்கம் வேறு, நடந்தது வேறு. எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அவருக்கு எப்படிப் போனது? 'நான் இல்லை' என்று இரண்டு வார்த்தை. அதை எழுத உனக்கு ஏன் இவ்வளவு வீம்பு? நான் நம்புவதற்குத் தயாராக இருக்கிறேன். நீ எழுதினால் போதும்.

தீசிஸ் நேர்காணல் டிசம்பர் 12. பதினைந்தாம் தேதி விமானம்.

அனிதா

பி.கு. தொப்பியை நீயே வைத்துக்கொள். காரைக்குடியில் போட்டுக்கொண்டு திரி.


செக்காலை
3 நவம்பர் 2024

அனிதா,

எழுத மாட்டேன்.

வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் வலிக்கிறது என்று ஏன் உனக்குத் தோன்றவே இல்லை?

இங்கே வீடு முழுக்க ஆட்கள். லாத்தா பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கிறாள். சேலை, நகை, பந்தல், பிரியாணிக்கு யாரைச் சொல்வது என்று காலையிலிருந்து சத்தம். எல்லாரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், என்னோடு யாரும் பேசவில்லை. போன வாரம் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்தேன். சாக்கோட்டை போர்டு போட்ட பஸ் வந்தது, போனது, இன்னொன்று வந்தது. ஏறினால் உன் வீட்டுக்குப் போய்விடலாம். நீ அங்கே இல்லையே என்று எழுந்து வந்துவிட்டேன்.

டிக்கெட் போட்டுவிட்டார்கள். டிசம்பர் 10 நான் கிளம்புகிறேன். நீ வருவதற்குள் நான் போய்விடுவேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்து, நீ பதில் போட்டு, அது எனக்கு வந்து சேர நாள் பத்தாது. என் நம்பர் உனக்குத் தெரியும். பிளாக்கை எடுக்க ஒரு விரல் போதும். பத்தாம் தேதிக்கு அப்புறம் இந்த நம்பர் இருக்காது.

பொருத்தம் இல்லாமல் ஒரு தடவை பயணம் கிளம்பிவிட்டேன். இரண்டாவது தடவையும் அப்படிப் போக வைக்காதே.

பெனாசிர்


லூப்ளின்
14 டிசம்பர் 2024

பெனாசிர்,

இது உனக்குக் கிடைக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன். ஷார்ஜா முகவரி எனக்குத் தெரியாது. செக்காலை முகவரிதான் இருக்கிறது, அங்கேயே அனுப்புகிறேன்.

நேற்று முன்தினம் நேர்காணல் நல்லபடியாக முடிந்தது. முடிந்ததும் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார்கள். பேராசிரியர் என் பக்கத்தில் வந்து நின்று, "இனிமேல் அந்தக் கடை ரொட்டியை யார் சுற்றித் தருவார்கள்?" என்று சிரித்தார். எந்தக் கடை என்று கேட்டேன். ஏப்ரலில் மனைவிக்கும் தனக்கும் அங்கே சாப்பாடு வாங்க வந்தாராம். நான்தான் சுற்றிக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தேனாம். நன்றி என்று கூடச் சொன்னாராம். "நீ நிமிர்ந்தே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் அன்றைக்கே பேசி முடித்திருப்பேன்" என்றார்.

யாரும் சொல்லவில்லை, பெனாசிர். என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்து உன் நம்பரின் பிளாக்கை எடுத்தேன். நீ எப்போதோ வைத்த படம், தொப்பி போட்டுக்கொண்டு நாக்கை நீட்டுகிற படம், திரும்ப வந்தது. கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னாள். பத்தாம் தேதிக்கு முன்னால் எத்தனை தடவை அந்த நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன் தெரியுமா? நீ இரண்டு வார்த்தை எழுத மாட்டேன் என்றாய், நான் ஒரு விரலை அசைக்க மாட்டேன் என்றேன். நீ சொல்லியிருக்க மாட்டாய் என்று மனதுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அப்படி ஒத்துக்கொண்டால், அன்று உடுத்திக்கொண்டும் பஸ் நிலையத்துக்கு வராமல் உட்கார்ந்திருந்தது எதற்கு என்று ஆகிவிடும்.

நாளை நான் கிளம்புகிறேன். என்னை வழியனுப்ப இந்த ஊரில் ஆள் இல்லை. எல்லாரையும் வழியனுப்பியவள் நான்தான், அதனால் கடைசியில் மிஞ்சியதும் நான்தான். ரைஸ் குக்கரையும் செடியையும் புதுப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். அவர்களிடம் உன்னைப் போலவே பொருத்தம் கேட்கலாம் என்று நினைத்தேன், வாய் வரவில்லை. கீழே வரவேற்பில் இருக்கிற பொஷேனா அம்மாவிடம் போனேன். நம் இரண்டு பேரையும் குளிருக்குத் தலையை மூடாமல் போனால் திட்டுவாரே, அவரிடம். எனக்குத் தெரிந்த அரைகுறைப் போலிஷில், இத்தனை நாளில் ஏதாவது தப்புச் செய்திருந்தால் மன்னியுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எதற்கு? என்ன செய்தாய்?" என்றார்.

"தெரியாது, ஏதாவது" என்றேன்.

அப்போதுதான் அன்று உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிந்தது.

பெயர் சொல்லியே கேட்கிறேன். உன்னைச் சந்தேகப்பட்டேன். பஸ்ஸில் உன்னைத் தனியாகப் போக விட்டேன். உன் நிக்காஹ் அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொருந்திக்க, பெனாசிர். உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை, அதனால் காகிதத்தில் கேட்கிறேன்.

அனிதா


சாக்கோட்டை, உன் வீட்டில்
8 டிசம்பர் 2024

அனிதா,

உன் அறையில், உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் மடித்து உன் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போவேன். நீ ஊர் வந்து சேரும்போது நான் ஷார்ஜாவில் இருப்பேன்.

இந்தத் தடவை பஸ்ஸில் ஏறிவிட்டேன். நாளை மறுநாள் பயணம். பொருத்தம் கேட்க வேண்டியவர்களிடம் எல்லாம் கேட்டாகிவிட்டது, நீ ஒருத்திதான் பாக்கி. நீ இல்லாவிட்டால் உன் வீட்டிலாவது கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன். வாசலில் உன் அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யாரும்மா, எங்குட்டு இருந்து வாரீக?" என்றார்கள். பெயரைச் சொன்னதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "எம்மக ரெண்டு வருசமா உன் பேரைத்தானத்தா சொல்லிக்கிட்டுக் கெடந்தா" என்றார்கள். நம் சண்டையை நீ அவர்களிடம் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் சொல்லவில்லை.

சோறு போட்டார்கள். மாவடு வைத்தார்கள். இரண்டாவது தடவையும் வாங்கித் தின்றேன். உன் தொப்பியைக் கொண்டுவந்து உன் தலையணை மேல் வைத்திருக்கிறேன். அது உன்னுடையது, நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

பேராசிரியர் விஷயம் இன்னும் எழுத மாட்டேன். நீயாகத் தெரிந்துகொண்டால் சரி, தெரியாமலே போனாலும் சரி. நீ என்னிடம் பொருத்தம் கேட்கவும் மாட்டாய், எனக்குத் தெரியும். நீ கேட்காமலே நான் பொருந்திக்கொண்டேன். உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆகிவிட்டது. எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா? கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்ளலாம். ஷார்ஜா நம்பரை உன் அம்மா போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

* * *

மடித்துக் கொடுத்த காகிதத்தை உன் அம்மாவிடமிருந்து திரும்ப வாங்கி இதை எழுதுகிறேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். என்னைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று வெயிலில் கூடவே நடந்து வந்துவிட்டார்கள். நிழலில் நின்றதும் பெருவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டார்கள். உடனே கையை இழுத்துக்கொண்டு, "அய்யய்யோ, அவளுக்குப் போடுற பழக்கத்துல..." என்றார்கள். "இருக்கட்டும்மா, பயணத்துக்குத்தானே" என்றேன்.

அப்புறம் நான் வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள் முந்திக்கொண்டார்கள். "எம்மக கொஞ்சம் வெடுக்குனு பேசுவா. அவ ஏதாச்சும் பேசியிருந்தா, பண்ணியிருந்தா, மனசுல வச்சுக்காதத்தா" என்றார்கள்.

எதுக்கும்மா, அவ என்ன பண்ணுனா என்று நான் கேட்கவில்லை, அனிதா. "சரிம்மா" என்றேன்.

பஸ் வருகிறது.

பெனாசிர்